பர்கண்டியில் ஐந்து இரவு: மடாலயங்கள், திராட்சைச் சரிவு, சொலுத்ரே பாறை. எதை வைப்பது, எதை விடுவது?

தென்றல்

வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் பாரிஸிலிருந்து பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குப் போகிறோம். ஐந்து இரவு, அதாவது முழுசாக நான்கு பகல். நான்கு பேரில் அப்பாவும் அம்மாவும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள். நன்றாக நடப்பார்கள், ஆனால் செங்குத்துப் படி என்றால் முழங்கால் தாங்காது. இருவரும் மது தொடமாட்டார்கள், அம்மா சைவம். அதனால் ஒயின் சுவைப்பதற்காக இந்தப் பயணம் இல்லை. பழைய கட்டடங்களும் அந்த மண்ணின் அழகும்தான் வேண்டும்.

குறித்து வைத்திருப்பவை: போன் நகரின் பழைய மருத்துவமனையான ஓத்தெல்-தியூ, திஜோன் நகரம், குளோ த வூஜோ திராட்சைத் தோட்ட மாளிகை, ஃபோந்தெனே மடாலயம், வெஸ்லே ஆலயம், குளூனி மடம், சொலுத்ரே பாறை. எல்லாம் நான்கு நாளில் அடங்குமா? திஜோனில் தங்குவதா, போன் நகரிலா? கார் எடுத்தே ஆக வேண்டுமா? சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறது. சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை.

மதில்வழி

அடங்காது. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் சுகமாக அடங்கும்.

வரைபடத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேர்பெற்ற திராட்சைச் சரிவு திஜோனுக்குத் தெற்கே தொடங்கி சாந்த்னே வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளும் ஒரு குறுகிய பட்டை. போன் நகரம் அதன் நடுவில். ஃபோந்தெனே வடமேற்கே காரில் ஒன்றேகால் மணி நேரம், வெஸ்லே அதே திசையில் ஒன்றரை மணி நேரம். குளூனியும் சொலுத்ரேயும் தெற்கே, ஒரு மணி நேரமும் அதற்குச் சற்று மேலும். ஆகவே வடக்குக்கு ஒரு நாள், தெற்குக்கு ஒரு நாள், சரிவுக்கும் இரு நகரங்களுக்கும் இரண்டு நாள். தங்குவது போன் நகரில். கோட்டை மதிலுக்குள்ளேயோ அதை ஒட்டியோ. வெஸ்லேயை இந்த நான்கு நாளில் திணிக்காதீர்கள்.

ஓத்தெல்-தியூவுக்குக் காலை திறந்ததும் போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிடும். பர்கண்டி கோமகன் நல்ல பிலிப்பின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலனும் அவர் மனைவி கிகோன் த சாலனும் 1443-இல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை இது. முதல் நோயாளி 1452 ஜனவரி 1 அன்று சேர்க்கப்பட்டார். 1971 வரை இங்கே நோயாளிகள் இருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைதான் தெரியும். படங்களில் வரும் வண்ண ஓட்டுக் கூரை உள்முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. வெளியே நின்று படம் எடுத்துவிட்டு ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஏழைகள் கூடத்தில் கட்டில் வரிசையைப் பார்த்ததும் அண்ணாந்து பாருங்கள்: குறுக்குவிட்டங்கள் ஒவ்வொன்றின் இரு முனையையும் செதுக்கி வண்ணம் தீட்டிய பூதங்கள் விழுங்கிக்கொண்டிருக்கும். ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம் இந்தக் கூடத்தின் பலிபீடத்துக்காகச் செய்யப்பட்டது. அந்தக் காலத்தில் ஞாயிறும் பண்டிகையும் தவிர மற்ற நாள்களில் அதைக் கதவுபோல் மூடியே வைத்திருந்தார்கள். நோயாளிகள் படுக்கையில் கிடந்தபடி பார்த்த படம் அது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், தராசு பிடித்து நிற்கும் வானதூதர் மிக்கேலின் முகம் வேறு மாதிரித் தெரியும். கட்டடத்தில் ஏறி இறங்குவது குறைவு, முழங்காலுக்குச் சிக்கல் இல்லை.

குளூனிக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய தேவாலயத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் வெட்டவெளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 910-இல் தொடங்கிய மடம். 1088-இல் கட்டத் தொடங்கிய மூன்றாவது ஆலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் இன்றைய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகில் அதைவிடப் பெரிய ஆலயம் கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798-இல் விற்கப்பட்டு, கல் கல்லாகப் பெயர்த்து எடுக்கப்பட்டது. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. அதனால் போகும் வரிசை முக்கியம்: முதலில் அருங்காட்சியகத்தில் மாதிரி வடிவத்தைப் பார்த்து அளவை மனத்தில் ஏற்றிக்கொண்டு, பிறகு வாசல் மண்டபத்தின் அடித்தளத்தில் நின்று எதிரே எஞ்சியிருக்கும் தென்கையின் (சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கை) கோபுரத்தைப் பாருங்கள். இடையில் இருக்கும் வெற்றிடம்தான் ஆலயம். கடைசியில் அந்தத் தென்கைக்குள் நுழையுங்கள். விதானம் 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரதான ஆலயம் எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் உடம்புக்குத் தெரியும்.

லியோன்_குமரன்

வணக்கம் தென்றல். போக்குவரத்தைப் பற்றி நான் சொல்லுறன்.

பாரிஸ் கார் த லியோன் ஸ்ரேசனிலையிருந்து திஜோனுக்கு டிஜிவி எண்ட அதிவேக ரெயின் ஒண்டே முக்கால் மணித்தியாலத்துக்குள்ள போயிடும். போன் நகருக்கு நேர ரெயின் குறைவு. திஜோனிலை இறங்கி டெர் எண்ட உள்ளூர் ரெயின் எடுத்தால் இருபது, இருபத்தைஞ்சு நிமிசம். டிஜிவி டிக்கெற் முந்தி எடுக்க எடுக்க மலிவு. டெருக்கு இடம் பதியத் தேவையில்லை. இரண்டையும் ஒரே டிக்கெற்றா எடுங்கோ. முதல் ரெயின் பிந்தினால் அடுத்ததிலை ஏத்தி விடுவினம். தனித்தனியா எடுத்தால் பிரச்சினை உங்கட தலையிலை.

நாலு நாளும் கார் வேண்டாம். வடக்கு நாளுக்கும் தெற்கு நாளுக்கும் மட்டும் எடுங்கோ. திஜோன், வூஜோ, நுய்-சேன்-ஜோர்ஜ், போன், ஷான்யி எல்லாம் ஒரே ரெயில் பாதையிலை இருக்கு. ரெயின் இல்லாத நேரத்துக்கு மோபிகோ 113 ஆம் நம்பர் பஸ் திஜோனுக்கும் போன் நகருக்கும் இடையிலை திராட்சைக் கிராமங்களுக்குள்ளாலை ஓடுது. ஞாயிறிலை நம்பக்கூடாது, போறதுக்கு முதல் நாள் நேரத்தைப் பாருங்கோ.

கார் எடுக்கேக்க கனபேர் பிழைக்கிற இடங்கள் இவை. கேக்காட்டி கையாலை கியர் மாத்துற காரைத்தான் தருவினம். ஓட்டோமற்றிக் எண்டால் முன்கூட்டியே பதியோணும், சின்ன ஊர் கிளையளிலை ஒண்டோ ரெண்டோதான் இருக்கும். ஓட்டுறவரின்ர பேரிலை உள்ள கிரெடிட் கார்ட் வேணும். மனிசியின்ர கார்டிலை முற்பணம் பிடிக்க மாட்டினம். கிளை மத்தியானம் பூட்டும், ஞாயிறு முழுக்கப் பூட்டும். சனி பின்னேரம் எடுக்கலாம் எண்டு இருந்தால் திங்கள்வரை கார் இல்லை.

வலப்பக்கம் ஓடுறது ஒரு மணித்தியாலத்திலை பழகிடும். பழகாதது வலத்தாலை வாறவைக்கு முன்னுரிமை எண்ட சட்டம். ஊருக்குள்ள பலகை ஒண்டும் இல்லாத சந்தியிலை, வலப்பக்கத்துச் சின்ன ஒழுங்கையிலையிருந்து வாற காருக்கு நீங்கள்தான் நிக்கோணும். அவை திரும்பியும் பார்க்காமல் வருவினம். ஊருக்குள்ள 50, வெளியிலை பெரும்பாலும் 80, கட்டணச் சாலையிலை 130, மழையெண்டால் 110. எரிபொருளிலை கசோல் எண்டால் டீசல், சான் புளோம் எண்டால் பெற்றோல். அப்பா அம்மா குடிக்கமாட்டினம் சரி. ஓட்டுறவரும் சுவைச்சுப் பார்க்கேக்க விழுங்காமல் துப்பிற பாத்திரத்திலை துப்புங்கோ, அங்க அது வழமை, ஒருத்தரும் குறை நினைக்கிறேல்லை. இரத்தத்திலை லீற்றருக்கு 0.5 கிராம்தான் எல்லை. புது லைசென்ஸ்காரருக்கு 0.2, அதாவது ஒரு கிளாஸே கூட.

சின்ன ஊர்களிலை நீலக்கோடு போட்ட தரிப்பிடம் இலவசம், ஆனால் வந்த நேரத்தைக் காட்டுற அட்டைத் தட்டைக் கண்ணாடிக்குள்ள வைக்கோணும். காருக்குள்ள இல்லாட்டி புகையிலைக் கடையிலை வாங்கலாம்.

ஏர்முனை

சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதைக் கார் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு "வெறும் கொடிகள்தானே" என்று போய்விடுகிறார்கள்.

டி974 பெருஞ்சாலையில் போகாதீர்கள். அதற்கு மேலே, திஜோன் பக்கத்து மார்சன்னேயிலிருந்து ஊர் ஊராக நூல் கோப்பதுபோல் வரும் டி122 சிறுசாலையைப் பிடியுங்கள். பழுப்பு நிறப் பலகைகள் வழிகாட்டும். அந்தச் சாலையில் மெல்ல வந்தாலே நிலத்தின் கணக்கு புரியும். கீழே சோன் ஆற்றுச் சமவெளி, மேலே காடு, நடுவில் கடல்மட்டத்திலிருந்து 250 முதல் 300 மீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் சாய்ந்த ஒரு மெல்லிய பட்டை. ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணக் களியும் மாறி மாறி அடுக்கிய நிலம், பிளவு விழுந்து கீழிறங்கியதால் ஒவ்வொரு படியிலும் வேறு அடுக்கு வெளித்தெரிகிறது. நடுச்சரிவில் நீர் வடியும், காலை வெயில் விழும், மண் ஆழம் அளவாக இருக்கும். மிக உயர்ந்த தரமெல்லாம் அங்கேதான். அடிவாரத்தில் நீர் தேங்கும், மேலே மண் மெலிந்துவிடும். இப்படிப் பிரித்துப் பெயரிட்ட பாத்திகளைக் கிளிமா என்பார்கள், மொத்தம் 1,247. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்தப் பாத்திப் பிரிப்புதான். கல்மதில், கல்லை அடுக்கிய கபோத் குடிசை, பொறுக்கிக் குவித்த கல்மேடு, எல்லாமே பல நூறு ஆண்டுக் கைவேலை.

ஒரு அரை நாள் நடைக்கு: வூஜோ ரயில் நிலையத்தில் இறங்கி, குளோ த வூஜோ மதிலைத் தொட்டபடி மேலேறி மாளிகை, அங்கிருந்து தெற்கே கொடிகளுக்கு நடுவே வோன்-ரொமானே ஊர். பேர்பெற்ற ரொமானே-கொந்தி பாத்தியின் ஓரத்தில் ஒரு கற்சிலுவை நிற்கும். பரப்பு 1.8 ஹெக்டேர்தான். மதில்மீது ஏறாதீர்கள், வரிசைக்குள் கால் வைக்காதீர்கள், மிச்சமிருக்கும் பழத்தைப் பறிக்காதீர்கள். வேண்டுகோள் பலகையே வைத்திருக்கிறார்கள். பாதை தார்போட்டது அல்லது கெட்டி மண், ஏற்றம் லேசு. பெற்றோர் தாராளமாக நடப்பார்கள்.

சைக்கிள் பிடிக்குமென்றால் போன் நகரிலிருந்து பொமார், வொல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே வழியாக சாந்த்னே வரை 22 கிலோமீட்டர் திராட்சை வழி இருக்கிறது. ஏற்ற இறக்கம் உண்டு, மின்சைக்கிள் எடுங்கள். போன வழியே திரும்ப வேண்டாம். ஷான்யிக்கு வந்து உள்ளூர் ரயிலில் சைக்கிளோடு பத்து நிமிடத்தில் போன் நகரம்.

அக்டோபர் கடைசிக்கு உரிய மூன்று விஷயங்கள். இலைகள் பொன்னிறமாகும் பருவம் அதுதான், ஆனால் ஒரு கடும் உறைபனி இரவு போதும், இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். ஆகவே சரிவை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கட்டடங்கள் எங்கும் ஓடிப்போகாது. அடுத்தது, சோன் சமவெளியிலிருந்து காலை மூடுபனி ஏறும். பதினொரு மணிவரை ஒன்றும் தெரியாத நாள் உண்டு. அப்போது மேலே காட்டோரம்வரை ஏறிப் பாருங்கள், பனி பல நேரம் காலுக்குக் கீழே கிடக்கும். மூன்றாவது, வேட்டைப் பருவம். ஜெவ்ரே-ஷாம்பெர்தானுக்கு மேலே கொம்ப் லாவோ என்ற சுண்ணாம்புப் பள்ளத்தாக்கு அருமையான நடை. ஆனால் இலையுதிர் காலத்தில், குறிப்பாக வார இறுதியில், காட்டுப் பாதை முகப்பில் "ஷாஸ் ஆன் கூர்" என்று பலகை வைத்திருந்தால் வேட்டை நடக்கிறது என்று பொருள். திரும்பிவிடுங்கள். பளிச்சென்ற நிற மேலாடை நல்லது.

நோலே அருகே பூ து மோந்த் என்ற குதிரைலாட வடிவப் பாறைச் சுவரும் அருவியும் உண்டு. கோடையில் அருவி வற்றிக் கிடக்கும். அக்டோபர் மழைக்கு மறுநாள் போனால் உயிரோடு இருக்கும். வறண்ட வாரமாக இருந்தால் அருவிக்காகப் போக வேண்டாம், பாறைச் சுவருக்காகப் போகலாம்.

சொலுத்ரே 493 மீட்டர். வாகன நிறுத்தத்திலிருந்து உச்சிக்கு முக்கால் மணி நேரம். பாதையின் மேற்பகுதியில் வெறும் சுண்ணாம்புக்கல், லட்சக்கணக்கானவர்கள் மிதித்து வழுவழுவென்று ஆகிவிட்டது. மழையில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து. உச்சி விளிம்பில் கைப்பிடி கிடையாது, காற்று பலமாக அடிக்கும். பெற்றோரைப் பாதிவழியில் உட்காரவைப்பதைவிட, அவர்களை அடிவாரத்து அருங்காட்சியகத்தில் விடுங்கள். அங்கே தோண்டத் தோண்டக் காட்டுக்குதிரை எலும்பு. ஆதிமனிதர்கள் குதிரைகளை உச்சியிலிருந்து விரட்டித் தள்ளினார்கள் என்ற பழங்கதையை இன்னும் சிலர் சொல்வார்கள். எலும்புகள் கிடக்கும் இடம் அதற்குப் பொருந்தவில்லை. இடம்பெயரும் மந்தைகளைப் பாறையின் அடியில் மடக்கிக் கொன்றார்கள். சொலுத்ரியன் என்ற கற்காலப் பண்பாட்டுக்கே பெயர் இந்த ஊரால் வந்தது. பிறகு பூயி-ஃபுய்ஸே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே காரை ஓரங்கட்டினால் சொலுத்ரே, வெர்ஜிசோன் இரண்டு பாறைகளும் சேர்ந்து தெரியும். உச்சிக்கு ஏறாதவர்களுக்கு அந்த ஒரு இடமே போதும்.

தென்றல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். குடிக்காதவர்களுக்கு குளோ த வூஜோ உள்ளே என்ன இருக்கிறது? அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி? ஒரு நாள் முழுக்க மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? வெஸ்லேயை விட மனசே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுப்படி_சாந்தி

சாப்பாட்டில் நேரம்தான் முதல் சிக்கல். சிற்றூர்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும்; இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவு ஏழுக்கு முன் திறக்காது. ஞாயிறு இரவும் திங்களும் பாதிக் கடைகள் இருக்காது. அதனால் கார் எடுத்துப் போகும் நாள்களில் காலையிலேயே ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் வாங்கிக் காரில் வைத்துவிடுங்கள். போன் நகரில் சனிக்கிழமை காலைச் சந்தை அதற்கு அருமை.

சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும், அல்லது பொடிப்பொடியாக நறுக்கிய பன்றிக்கொழுப்புத் துண்டு வரும். அதற்கு லார்தோன் என்று பெயர். காய்கறிக் கலவையில்கூடத் தூவுவார்கள். "சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்தோன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துப் பேர்பெற்ற முட்டைப் பண்டமான மெரெத் சிவப்பு ஒயினில் வேகவைத்து லார்தோன் போட்டது. முட்டை சாப்பிடுகிறவராக இருந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. எப்வாஸ் பாலாடைக்கட்டியை உறையவைப்பது கன்றின் இரைப்பை நொதியால், மேற்புறம் கழுவுவது திராட்சைச் சாராயத்தால். கண்டிப்பானவர் என்றால் தவிர்த்துவிடுங்கள். இறைச்சி கலக்காத உள்ளூர்ப் பண்டம் என்றால் கூஜேர்: பாலாடைக்கட்டி சேர்த்த மாவில் சுட்ட உப்பலான உருண்டை, முட்டை உண்டு, அதன் பாலாடைக்கட்டியிலும் அதே நொதி இருக்கலாம், ரொட்டிக்கடையிலேயே கிடைக்கும். முட்டையும் ஆகாதென்றால் பெரிய நகரத்து இந்திய, லெபனான் கடைகளை நம்புங்கள். திஜோனில் இரவு உணவு எளிது.

ஒயின் வேண்டாதவர்களுக்கு அங்கே கடுகு இருக்கிறது. போன் நகரில் ஃபல்லோ கடுகு ஆலை பார்வையாளர்களை அனுமதிக்கிறது, முன்பதிவு வேண்டும். நாம் தாளிக்கும் அதே கடுகினத்தைக் கல்லில் அரைக்கிறார்கள். கல் சூடேறினால் காரம் போய்விடும், அதனால் மெதுவாகத்தான் சுற்றும். ஜாடி வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். "திஜோன் கடுகு" என்பது செய்முறையின் பெயர், எங்கேயும் செய்யலாம். "மூத்தார்த் த பூர்கோஞ்" என்று இருந்தால்தான் பர்கண்டியில் விளைந்த கடுகும் பர்கண்டி வெள்ளை ஒயினும் சேர்த்தது. ஆகவே அப்பா அம்மாவுக்குச் சுவைக்கக் கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள்.

மதில்வழி

குளோ த வூஜோ மாளிகையில் கட்டடம்தான் காட்சி. 1098-இல் தொடங்கிய சீத்தோ மடத்தின் சிஸ்டர்சியத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் இந்த நிலத்தைச் சேர்த்து, மதிலெழுப்பி, பிழியும் கூடமும் நிலவறையும் கட்டினார்கள். மரப் பிழிபொறிகள் நான்கு இன்னும் நிற்கின்றன. ஒரே மரத்தில் செதுக்கிய விட்டங்களின் பருமனை அருகில் நின்று பாருங்கள். பக்கத்து மாளிகை 16-ஆம் நூற்றாண்டு. மதிலுக்குள் சுமார் 50 ஹெக்டேர். ஒரே மடத்தின் சொத்தாக இருந்தது இன்று எண்பது பேர் அளவில் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள்.

இதையும் ஃபோந்தெனேயையும் இரண்டு தனிச் சுற்றுலாத் தலங்களாக நினைக்காதீர்கள். ஒரே துறவி மரபு: ஒரு இடத்தில் கொடி, இன்னொரு இடத்தில் இரும்பு. 1118-இல் சிஸ்டர்சியத் துறவி கிளேர்வோ பெர்னார் நிறுவிய ஃபோந்தெனேயில் ஆலயத்துக்கு மணிக்கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை, தரை வெறும் மண். குளூனிக்காரர்களின் ஆடம்பரச் சிற்பங்களை வெளிப்படையாகக் கண்டித்து எழுதியவர் பெர்னார். அந்தக் கண்டனம் கல்லில் எப்படி இருக்கும் என்பதுதான் ஃபோந்தெனே. வளாகத்தின் ஓரத்தில் ஓடைநீரால் சம்மட்டி ஓடிய உலைக்கூடம் இருக்கிறது, அதைத் தவறவிடுகிறவர்கள் பாதி மடத்தைத் தவறவிடுகிறார்கள். புரட்சிக்குப் பின் காகித ஆலையாக ஓடியதால்தான் இடியாமல் தப்பியது. குளூனிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எனவே வடக்கு நாளை முன்னும் தெற்கு நாளைப் பின்னுமாக வையுங்கள். வெறுமையைப் பார்த்த கண்ணோடு குளூனித் தூண்தலைச் சிற்பங்களைப் பாருங்கள்.

ஃபோந்தெனே முடிந்து செமூர்-ஆன்-ஓக்ஸுவாவில் மதியம்; ஆற்று வளைவுக்கு மேல் கருங்கல் கோபுரங்கள், அதில் ஒன்று உச்சியிலிருந்து வெடிப்பு விட்டு நிற்கும். பிறகு ஃப்ளாவினி, சோம்பு விதைக்குச் சர்க்கரை பூசிய மிட்டாய் இன்றும் அங்குள்ள பழைய மடக் கட்டடத்தில் செய்கிறார்கள். இந்த மூன்றுக்கு மேல் வேண்டாம்.

மழை நாளுக்குத் திஜோன். நுண்கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம், செவ்வாய் விடுமுறை. பர்கண்டிக் கோமகன்களின் கல்லறைகளைச் சுற்றிக் கீழே சிறு வளைவுகளுக்குள் அழும் துறவிகளின் உருவங்கள், கல்லறைக்குச் சுமார் நாற்பது. ஒருவர் மூக்கைச் சிந்துவார், ஒருவர் முக்காட்டை இழுத்துக்கொள்வார். குனிந்து அவர்கள் உயரத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்தக் கல்லறைகளில் ஒன்றில் வேலை செய்த சிற்பி குளாஸ் ஸ்லூட்டரின் மோசே கிணறு என்ற சிற்பத் தொகுதி ஊரின் மேற்கே மனநல மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. பலர் வாசலைப் பார்த்துத் தயங்கித் திரும்புகிறார்கள், உள்ளே போக அனுமதி உண்டு. நல்ல பிலிப் கோபுரம் 316 படி, பெற்றோருக்கு வேண்டாம்.

வெஸ்லேக்குப் பதில் ஓதன். போன் நகரிலிருந்து ஐம்பது நிமிடம். புனித லாசர் ஆலய வாசலில் இறுதித் தீர்ப்புச் சிற்பம், நடுவில் கிஸ்லெபெர்துஸ் என்ற பெயர் பொறித்திருக்கும். அழகில்லை என்று 1766-இல் ஆலய நிர்வாகிகளே சுண்ணம் பூசி மறைத்தார்கள். அந்தப் பூச்சுதான் புரட்சிக் காலத்தில் அதைக் காப்பாற்றியது. 1837-இல் திரும்ப வெளிவந்தது. ரோமானியர் கட்டிய நகரவாயில்கள் இரண்டு இன்னும் நிற்கின்றன. நிக்கோலா ரோலன் பிறந்த ஊரும் இதுதான்.

பாதசாரி

மதில்வழி ஐயா சொன்ன கணக்கு சரி. ஆனால் ஓதன் வெஸ்லேக்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம். ஓதனில் வாசல் பெரிது. வெஸ்லேயில் வாசலைத் தாண்டிய பிறகுதான் விஷயமே: இருண்ட முன்மண்டபம், உலக மக்களினங்கள் அனைத்தும் செதுக்கிய நடுவாயில், அதைத் திறந்ததும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கல் மாறி மாறி வரும் வளைவுகள், கடைசியில் வெளிச்சம் நிறைந்த பலிபீடம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடத்திச் செல்வதற்கென்றே கட்டியது. 1146-இல் பெர்னார் இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்த குன்று. நுழைவு இலவசம்.

நான்கு நாளுக்குள் திணிக்காமல், கிளம்பும் நாளில் வைக்கலாம். திரும்பும் விமானம் பாரிஸிலிருந்து இரவில் என்றால், கடைசிக் காரைப் போன் நகரில் எடுத்து விமான நிலையத்தில் ஒப்படைக்கும்படி பதியுங்கள். வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு, நால்வருக்கான ரயில் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏ6 சாலையில் ஆவலோன் பக்கம் பிரிந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வெஸ்லே, அங்கிருந்து பாரிஸின் ஒர்லி விமான நிலையம் இரண்டேகால் மணி நேரம். பாரிஸ் சுற்றுவட்டச் சாலை மாலையில் நகராது, அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். ரயிலை நம்ப முடியாது. பக்கத்து நிலையம் செர்மிசெல் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காரை அடிவாரத்தில் விட்டால் ஆலயம்வரை ஒரே ஏற்றத் தெரு. பெற்றோரை முதலில் மேலே இறக்கிவிட இடம் பாருங்கள், இல்லையேல் நடுவில் இளைப்பாறக் கடைகள் உண்டு.

நடைபாதை நடுவே வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக விழும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஜூன் கடைசியில், கோடைத் திருப்பத்தை ஒட்டி, கடிகாரப்படி மதியம் ஒன்றேமுக்கால் வாக்கில் மட்டும். அக்டோபரில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

லியோன்_குமரன்

இன்னும் ரெண்டு விசயம். அக்டோபர் கடைசி ரெண்டு கிழமையும் பிரெஞ்சுப் பள்ளிக்கூட விடுமுறை வரும், அறையள் கெதியா முடிஞ்சிடும். நவம்பர் மூண்டாம் ஞாயிறு ஓத்தெல்-தியூவின்ர ஒயின் ஏலம், அந்தக் கிழமை விலை கேக்கவே ஏலாது. நவம்பர் 1 பொது விடுமுறை, கடை, பஸ் எல்லாம் பார்த்துச் செய்யுங்கோ.

மற்றது, அக்டோபர் கடைசி ஞாயிறு விடிய மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பினம். சனிக்கிழமை ஆறரைக்கு இருட்டினது ஞாயிறு அஞ்சரைக்கே இருட்டும். சொலுத்ரேயை அதுக்குப் பிறகு வைச்சால் மூண்டு மணிக்கு முதல் ஏறத் தொடங்குங்கோ. குளூனியை விடியப் பார்த்திட்டு வந்தால் நேரம் சரியா இருக்கும்.